மெதகொடை மொஹொட்டாலையின் உப்புத் தூது

மலைநாட்டுக்கு உப்பு வழியைத் திறந்துவிட்டது யார் என்று இன்றைக்கு எவரைக் கேட்டாலும் பெரிய மந்திரியின் பெயரைச் சொல்கிறார்கள். கேட்கும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கொழும்புக் கோட்டைக்குத் தூது போக வேண்டும் என்று ராஜா சொன்ன அன்றைக்குப் பெரிய மந்திரிக்குக் காய்ச்சல். அவருக்கு அடுத்தவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. மூன்றாமவருக்குத் தாயார் தவறிவிட்டார். அந்த அம்மாள் நாலு வருடத்துக்கு முன்பே ஒருமுறை தவறியவர். கடைசியில் போனது மெதகொடை கிரிராலை மொஹொட்டாலை. மொஹொட்டாலை என்றால் பெரிய பதவி ஒன்றுமில்லை, அரண்மனையில் ஓலை எழுதுகிறவர். நாங்கள் மரியாதைக்கு ராலஹாமி என்று கூப்பிடுவோம். அவரோடு போன பதினெட்டுப் பேரில் நானும் ஒருவன். சும்மா ஒருவன் இல்லை, ராஜாவின் ஓலையைத் தலையில் சுமந்தவன். என் பெயர் சிரிமலா.

என் வேலையைப் பற்றிச் சொல்லாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது. ராஜாவின் ஓலை என்றால் எங்களுக்கு ராஜாவேதான். பட்டில் சுற்றி, வெள்ளித் தட்டில் வைத்து, ஒருவன் தலையில் ஏற்றுவார்கள். அவன் காலுக்கு வெள்ளை விரிப்பு, மேலே வெள்ளை விதானம், முன்னால் மேளம். வழியில் தங்கினால் அதற்கென்று உயரமான மேடை கட்டி விளக்கு வைப்பார்கள். ஓலை இருக்கிற இடத்தில் எங்கள் ஆட்கள் யாரும் உட்காரக் கூடாது. யாருக்குப் போகிறதோ அவர் எழுந்து நின்று, இரண்டு கையாலும் வாங்கினால்தான் அது தலையைவிட்டு இறங்கும். ஓலை என் தலையில் இருக்கும்போது பெரிய மந்திரிகூட என்னைப் பார்த்துக் குனிவார். இறங்கிய அடுத்த நிமிடம், அந்த எச்சில் கிண்ணத்தை எடுத்து வை என்பார்.

மொஹொட்டாலையும் பெரிய வீட்டுப் பிள்ளை இல்லை. தகப்பனுக்கு மெதகொடையில் இரண்டு துண்டு வயல். விகாரையில் பிக்குவிடம் எழுத்துப் படித்தவர். கையெழுத்து முத்துமுத்தாக இருந்ததால் அரண்மனைக்கு வந்து, பதினோரு வருடம் குனிந்த தலை நிமிராமல் எழுதினார். பிறகு எல்லையில் சில்லறைத் தகராறு வரும்போதெல்லாம் அவரை அனுப்பிப் பார்த்தார்கள். ஒருமுறை எதிர்த்தரப்பு ஆட்கள் ஆற்றைத் தாண்டி வந்து எங்கள் எருமை முப்பதை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். இவர் சீதாவாக்கைத் துறையில் போய் உட்கார்ந்தார். அவருக்கு ஒரு பழக்கம்: பதில் தெரியாத கேள்வி வந்தால் வெற்றிலையை மடித்து வாயில் போடுவார். வாயில் வெற்றிலையோடு பேசுவது எதிரில் இருப்பவருக்கு மரியாதையில்லை, ஆகவே மென்று முடிக்கும்வரை அவர்கள் காத்திருக்க வேண்டியதுதான். நாலே நாளில் அலுத்துப்போய் இருபத்தொன்பது எருமையைத் திருப்பிக் கொடுத்தார்கள். முப்பதாவது எருமைக்காக இன்னும் இரண்டு நாள் உட்கார்ந்து, அதையும் ஓட்டிக்கொண்டுதான் வந்தார். அவர் அப்படிப்பட்ட ஆள்.

இப்போது உப்புக்கு வருகிறேன். சண்டை ஓய்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஆனால் கடற்கரை முழுவதும் ஒல்லாந்தர் கையில், உப்பளம் எல்லாம் கடற்கரையில். மலைக்கு உப்பு ஏறும் வழிகள் எல்லாம் அடைபட்டுக் கிடந்தன. இரண்டு வருடம் உப்பில்லாமல் சாப்பிட்டுப் பாருங்கள், அப்புறம் என்னிடம் வந்து வீரம் பேசலாம். வாழைத்தண்டை எரித்து, அந்தச் சாம்பலைக் கரைத்து, தெளிந்த தண்ணீரைக் குழம்பில் ஊற்றினோம். பிள்ளைகள் சோற்றைத் தள்ளிவிட்டு அழுதார்கள். மாடுகள் உழுது வருகிறவன் முதுகு வேர்வையை நக்கின. என் பெண்டாட்டி காலியான உப்புப் பானையைக் கழுவி, அந்தத் தண்ணீரில் ஒரு நாள் கஞ்சி வைத்தாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் திருவிழா.

கோட்டையில் இருந்த அந்த ஒல்லாந்தருக்கும் ஒரு தேவை இருந்தது, கறுவாப்பட்டை. நல்ல கறுவா எங்கள் ராஜாவின் காட்டில்தான். மழை பெய்து பட்டை இளகும் நாலு மாதத்துக்குள் உரிக்காவிட்டால் அந்த வருடம் அவர்களுடைய கப்பல் வெறுங்கப்பலாகப் போக வேண்டியதுதான். ஆக இரண்டு பக்கமும் பசி. யார் முதலில் வயிற்றைத் தடவிக் காட்டுகிறார்கள் என்பதுதான் பேச்சு.

எங்களுக்கு முன்னால் இரண்டு தூது போயிருந்தது. முதல் தூதர் போனபோது கவர்னர் எழுந்து நிற்க மாட்டேன் என்றார். தூதர் ஓலையைக் கொடுக்காமல் திரும்பினார். மரியாதை பிழைத்தது, உப்பு வரவில்லை. இரண்டாமவர், மரியாதையாவது ஒன்றாவது, உப்பு வந்தால் போதும் என்று, உட்கார்ந்திருந்த கவர்னருக்கு முன்னால் மேசைமேல் ஓலையை வைத்துவிட்டார். பக்கத்தில் கவர்னருடைய தொப்பி கிடந்ததாம். திரும்பி வந்தவருடைய பதவி, நிலம், வீடு எல்லாவற்றையும் ராஜா பிடுங்கிக்கொண்டு, அவரைக் காய்ச்சல் காட்டுக்கு விரட்டினார். உப்பும் வந்தபாடில்லை, குனிந்து நிற்கிறவனுக்கு யார் உப்பு தருவார்கள். மூன்றாவது தூது என்றதும் மந்திரிமார்களுக்குக் காய்ச்சலும் இடுப்பு வலியும் ஏன் வந்தது என்று இப்போது விளங்கியிருக்கும்.

மொஹொட்டாலையிடம் ராஜா சொன்னது ஒரே வார்த்தைதான். ஓலையும் தாழக் கூடாது, உப்பும் வர வேண்டும், இரண்டில் ஒன்று குறைந்தாலும் ஊர்ப் பக்கம் வராதே. மொஹொட்டாலை தரையில் விழுந்து கும்பிட்டுவிட்டு வந்து, தன் மனைவி ரன்மெனிக்காவிடம் வயல் வேலையை எல்லாம் ஒப்படைத்தார். சாகப் போகிறவர் மாதிரி இருந்தது அவர் பேசியது. அந்த அம்மாள் அழவில்லை. போகிற வேலை முடிகிற வரைக்கும் வெற்றிலை போதுமா என்று மட்டும் கேட்டாள்.

வைகாசி பிறந்து நாங்கள் இறங்கினோம். சீதாவாக்கையிலிருந்து படகு. கோட்டைக்கு வெளியே, ஆற்றங்கரையில் ஒரு பழைய மடத்தில் எங்களைத் தங்க வைத்தார்கள். கூரை ஒழுகியது. மேளம் அடிக்கக் கூடாது என்று உத்தரவு. வாசலில் நாலு சிப்பாய். நாங்கள் குளிக்கப் போனால் கூடவே வந்து கரையில் நின்று சிரிப்பார்கள். மொஹொட்டாலை எதையும் கண்டுகொள்ளவில்லை. விடிந்ததும் குளித்து, பெரிய தொப்பி வைத்து, சபைக்குப் போகிறவர் மாதிரி உடுத்திக்கொண்டு, ஒழுகாத ஒரே மூலையில் கட்டியிருந்த ஓலை மேடைக்கு விளக்கேற்றிக் கும்பிடுவார். நாங்கள் பதினெட்டுப் பேரும் பின்னால் விழுந்து கும்பிட வேண்டும். விரிப்பில் ஒரு கறை இருந்தால் அன்றைக்கு எனக்கு மண்டகப்படி.

கோட்டைக்கும் எங்களுக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்தவர் தொன் பஸ்தியான் முதலியார், அவர்களுடைய மொழிபெயர்ப்பாளர். எங்கள் சாதிசனம்தான். மேலே கோட்டு, கீழே வேட்டி, தலையில் ஆமையோட்டுச் சீப்பு, காலில் ஒன்றுமில்லை. எதற்கு வந்தீர்கள் என்று அவர் கேட்டார். கவர்னருடைய உடம்பு சௌக்கியமா என்று விசாரிக்க ராஜா அனுப்பினார் என்றார் மொஹொட்டாலை. உப்பைப் பற்றி மூச்சு விடவில்லை. மலையில் உப்புக்குத் தட்டுப்பாடாமே என்று முதலியார் தூண்டில் போட்டார். மொஹொட்டாலை வெற்றிலையை மடித்தார்.

மூன்றாம் நாள் கோட்டையிலிருந்து விருந்து வந்தது. சோறு, கோழி, பழம். நடுவில் ஒரு சீனத்துத் தட்டு நிறைய, குவித்து வைத்த உப்பு. நாங்கள் பதினெட்டுப் பேரும் சோற்றைப் பார்க்கவில்லை. அத்தனை கண்ணும் அந்தத் தட்டில்தான். மொஹொட்டாலை எங்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஊரில் ஒரு பிள்ளைக்கும் இல்லாததை நாம் தின்ன வரவில்லை என்றார். எங்கள் ஆட்களே எங்கள் அரிசியைச் சாம்பல் தண்ணீரில் சமைத்தார்கள். தட்டைத் தொடாமல், எங்களிடம் உப்பு போதுமான அளவு இருக்கிறது என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். மறுநாளும் அதே தட்டு வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை எனக்கு.

இது நன்றாகத்தான் வேலை செய்தது. இவர்களுக்கு உப்பு வேறு எங்கிருந்தோ வருகிறது போல என்று கோட்டையில் ஒரு சந்தேகம் விழுந்துவிட்டது. முதலியார் நாளுக்கு நாள் இறங்கி வந்தார். கவர்னர் எழுந்து நிற்க மாட்டார், ஆனால் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்காருவார் என்றார். அப்புறம், பாதி எழுந்திருப்பார் என்றார். பாதி என்றால் எந்தப் பாதி என்று மொஹொட்டாலை விசாரித்தார். மழை பெய்துகொண்டிருந்தது. காட்டில் பட்டை இளகிக்கொண்டிருந்தது. இன்னும் பத்து நாள் பொறுத்திருந்தால் கவர்னர் முழுசாகவே எழுந்திருப்பார் என்று இன்றைக்கும் நான் நினைக்கிறேன்.

கெடுத்தவன் நான். முப்பத்தைந்தாம் நாள் தட்டைத் திருப்பிக் கொண்டுபோகிறேன். வாசலைத் தாண்டி ஒரு சுவர் திரும்பும் இடம். யாருமில்லை. விரல் நுனியால் ஒரு துளி தொட்டு நாக்கில் வைத்தேன். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இன்னொரு விரல். அப்புறம் வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், தட்டின் ஓரத்தை நாய் மாதிரி நக்கினேன். நிமிர்ந்தபோது மாடி ஜன்னலில் முதலியார் நின்றுகொண்டிருந்தார். சிரித்தார்.

அன்று சாயங்காலமே கோட்டையின் பேச்சு மாறிவிட்டது. இனிப் பேரம் கிடையாது, ஐந்து நாள் கழித்துச் சபை, கவர்னர் உட்கார்ந்துதான் வாங்குவார், கறுவாவுக்கு ராஜாவுக்குக் கொடுக்கிற காணிக்கையும் கிடையாது, சம்மதமில்லையென்றால் படகு தயார். முதலியார் சொல்லிவிட்டு எழுந்தபோது என்னை ஒரு பார்வை பார்த்தார். மொஹொட்டாலை அந்தப் பார்வையைப் பார்த்துவிட்டார்.

எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டார். நான் காலில் விழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன், அடிக்கவில்லை. மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எப்படிடா இருந்துச்சு?" என்றார்.

"நல்லா இருந்துச்சு, ராலஹாமி." சொல்லிவிட்டு விக்கி விக்கி அழுதேன்.

"இருக்காதா பின்ன. ரெண்டு வருஷமாச்சு." அவர் குரலிலும் அந்த ஆசை இருந்தது. அந்த மனிதரும் என்னைப் போல இரண்டு வருடம் சாம்பல் தண்ணீர் குடித்தவர்தானே.

வேறு யாராவது ஓலையைச் சுமக்கட்டும், நான் தீட்டுப்பட்டவன் என்றேன். அதற்குத்தான் கோபம் வந்தது அவருக்கு.

"நாக்கு தோத்துட்டா கழுத்துமா தோத்துடும்? நீதான் சுமக்கற. நான் சொல்ற வரைக்கும் இறக்கக் கூடாது. முடியுமா, முடியாதா?"

முடியும் என்றேன். எத்தனை நேரம் என்று நான் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை.

சபை நாள் வந்தது. கோட்டை மணி ஒன்பது அடித்தபோது உள்ளே நுழைந்தோம். நீண்ட மேசை, தலைமாட்டில் கவர்னர், இரண்டு பக்கமும் அவருடைய ஆட்கள். எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் ஆட்கள் விரிப்பைப் போட்டார்கள், நான் போய் மேசைக்கு எட்டடி முன்னால் நின்றேன். பக்கத்தில் மொஹொட்டாலை. ஓலையை மேசையில் வைக்கலாம் என்றார் முதலியார். மொஹொட்டாலை கும்பிட்டுவிட்டுச் சொன்னார்.

"ஏத்தி விட்டது எங்க ராஜா. இறக்கற அதிகாரம் எனக்கு இல்லீங்க. துரை எழுந்திருச்சு கை நீட்டினா அதுவா இறங்கும். அவசரம் ஒண்ணுமில்ல, நாங்க நிக்கறோம்."

கவர்னர் சிரித்தார். நில்லுங்கள் என்று கையைக் காட்டிவிட்டுத் தன் காகிதங்களைப் பார்க்க ஆரம்பித்தார். எவ்வளவு நேரம் நின்றுவிடப் போகிறான் என்று நினைத்திருப்பார். வெளியே தள்ளவும் முடியாது. ராஜாவின் ஓலைமேல் ஒரு சிப்பாய் கை பட்டால் மறுநாள் சண்டை, அந்த வருடம் ஒரு கட்டுப் பட்டைகூடக் கிடையாது.

மணி பத்து அடித்தது. பதினொன்று அடித்தது. அந்த வெள்ளித் தட்டு ஒரு நல்ல பலாப்பழ கனம் இருக்கும். முதலில் தோள் வலித்தது, பிறகு வலி கழுத்துக்கு ஏறியது, பிறகு எங்கே வலிக்கிறது என்றே தெரியவில்லை. வேர்வை கண்ணில் இறங்கியது, துடைக்கக் கை இல்லை. மூக்கில் ஒரு ஈ குடித்தனம் வைத்துவிட்டது. பன்னிரண்டுக்குக் கவர்னருக்கு அங்கேயே சாப்பாடு வந்தது. உட்கார்ந்தபடியே சாப்பிட்டார், பெரிய கிண்ணத்தில் ஏதோ மஞ்சள் பானம் குடித்தார். மொஹொட்டாலை என் காதுக்குக் கேட்கும்படி அந்தக் கிண்ணங்களை மெல்ல எண்ணினார்: ஒண்ணு. ரெண்டு. மூணு.

எனக்குக் கால் நடுங்க ஆரம்பித்தது. அவருக்கு அது தெரிந்துவிட்டது.

"நிக்கறேன்னு நினைக்காதடா. நடக்கறோம்னு நினைச்சுக்க. ஊருக்குப் போறோம். இப்ப கடுவெலை வந்தாச்சு. துறையில கூட்டம் பாரு."

கால் மணி நேரம் கழித்து ஹங்வெல்லை என்றார். பிறகு சீதாவாக்கை. ஆற்றைக் கடந்தோம். ருவன்வெல்லையில் அவருக்குத் தெரிந்த ஒரு பெண் பலாக்கொட்டை வறுத்துக் கொடுத்ததாகச் சொன்னார். ஹெட்டிமுல்லையில் மழை பிடித்தது, ஒரு மரத்தடியில் ஒதுங்கினோம். அவருக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. அவரும் காலையிலிருந்து நின்றுகொண்டுதான் இருந்தார், வெற்றிலைகூடப் போடவில்லை. உதடு வெடித்திருந்தது. என்னை வழி நடத்திக்கொண்டே வந்தார்.

கணேதென்னை ஏற்றத்தில் நாங்கள் பாதி ஏறியிருந்தபோது, அதாவது மணி மூன்று அடிப்பதற்குச் சற்று முன்னால், கவர்னர் நெளிய ஆரம்பித்தார். ஐந்து கிண்ணம் குடித்திருந்தார். இந்தப் பக்கம் சாய்ந்தார், அந்தப் பக்கம் சாய்ந்தார். முதலியாரைப் பார்த்தார். முதலியார் என்ன செய்வார் பாவம், அது மொழிபெயர்த்துத் தீர்க்கிற காரியமா? கடைசியில் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார்.

மொஹொட்டாலை புலி மாதிரிப் பாய்ந்தார். என் தலையிலிருந்த தட்டை எடுத்து, கவர்னரின் மார்புக்கு நேராக ஏந்தி, அடிவயிற்றிலிருந்து குரல் கொடுத்து ராஜாவின் பட்டங்களைச் சொல்ல ஆரம்பித்தார். அத்தனை பட்டத்தையும் சொன்ன பிறகுதான் கையில் கொடுக்க வேண்டும், அதுதான் முறை. வழக்கமாக ஐந்தாறு சொல்லி முடித்துவிடுவார்கள். ஆனால் இவர் பதினோரு வருடம் ஓலை எழுதிய மனிதர். சூரிய குலத்தில் ஆரம்பித்து, ராஜாவின் யானை, குதிரை, ஆறு, மலை, ரத்தினம் ஒன்றையும் விடவில்லை. கவர்னர் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றார். முகம் செம்பருத்தி ஆகிவிட்டது. தாங்க முடியாமல் இரண்டு கையையும் நீட்டித் தட்டைப் பிடுங்காத குறையாக வாங்கி, முதலியார் கையில் திணித்துவிட்டு, விறுவிறுவென்று வெளியே போனார்.

நின்றுகொண்டு வாங்கினார். இரண்டு கையாலும் வாங்கினார். சபையில் அத்தனை பேரும் பார்த்தார்கள். எங்கள் மேளக்காரன் வாசலில் ஒரு தட்டுத் தட்டினான். ஓலை வாங்கியதும் வெடிக்க வேண்டும் என்று காலையிலிருந்து வெளியே பீரங்கியோடு காத்துக்கிடந்த கோட்டைச் சிப்பாய்க்கு உள்ளே நடந்தது என்ன தெரியும்? மேளம் கேட்டதும் வெடித்துத் தள்ளிவிட்டான். பதினைந்து வெடி. எனக்குக் கழுத்து திரும்பவில்லை, ஆனால் அந்தச் சத்தம் கேட்டபோது எனக்கு வந்த பெருமை என் கல்யாணத்திலும் வரவில்லை, பிள்ளை பிறந்தபோதும் வரவில்லை.

கவர்னர் திரும்பி வந்தார். கத்துவார் என்று நினைத்தேன். மொஹொட்டாலையை வெகுநேரம் பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். ஆனால் சிரித்து முடித்ததும் கெட்டிக்காரர் கெட்டிக்காரர்தான். மரியாதை உங்களுக்கு, காரியம் எங்களுக்கு என்று முதலியார் மூலம் சொன்னார். உங்கள் ஆள் எங்கள் உப்பை நக்கியது எங்களுக்குத் தெரியும், மலையில் ஒரு கல் உப்பு இல்லை, காணிக்கை இல்லாமல் பட்டை உரிக்கச் சம்மதித்தால் உப்பு, இல்லாவிட்டால் சாம்பலையே தின்னுங்கள் என்றார்.

மொஹொட்டாலை வெற்றிலைப் பையில் கை வைத்தார். பிறகு கையை எடுத்துவிட்டார்.

"ஆமாங்க துரை. எங்ககிட்ட உப்பு இல்ல. ரெண்டு வருஷமா இல்ல. அப்படி இருந்தும் இன்னிக்கு ஆறு மணி நேரம் எப்படி நின்னோம்னு நீங்களே பாத்தீங்க. நாங்க இன்னும் ரெண்டு வருஷம் இப்படியே நிப்போம். உங்க கப்பல் ரெண்டு வருஷம் வெறுமனே போகுமா? அதை மட்டும் சொல்லுங்க, நாங்க கிளம்பறோம்."

முதலியார் மொழிபெயர்க்கத் தயங்கினார். ஒரு வார்த்தை விடாமல் சொல்லுங்கள் என்றார் மொஹொட்டாலை. கவர்னர் கேட்டார், ஜன்னலுக்கு வெளியே பெய்த மழையைப் பார்த்தார். அடுத்த மூன்று நாளில் எல்லாம் எழுதி முடிந்தது. பட்டை உரிக்க நாலு மாதம், வழக்கமான காணிக்கையோடு. வருடம் முழுவதும் உப்பு வழி திறந்திருக்கும். எதிரியின் கோட்டைக்குள், ஒரு கத்திகூட இல்லாமல், வயல்காரன் மகன் ஒருவர் இதைச் செய்தார்.

கவர்னர் ராஜாவுக்குப் பதில் ஓலை கொடுத்தார். அதையும் நான்தான் தலையில் சுமந்தேன். என் தலைக்கு உலை வைக்கிற ஓலை அது என்று எனக்கு எப்படித் தெரியும்?

அரண்மனைச் சபையில் நாங்கள் எல்லாரும் தரையில் விழுந்து கிடந்தோம். திரைக்கு அந்தப் பக்கம் ராஜா. இன்னொரு மொஹொட்டாலை ஓலையைப் படித்தார். கவர்னர் எங்களைப் பாராட்டித்தான் எழுதியிருந்தார். உங்கள் ஆள் ஒருவன் பசி தாங்காமல் எங்கள் உப்பை நக்கியதைப் பார்த்தோம், அப்படிப்பட்ட பசியிலும் ஓலையை இறக்காமல் நின்றவர்களை மதிக்கிறோம் என்று. ராஜா முதல் பாதியை மட்டும் கேட்டார். காய்ச்சல் குணமாகியிருந்த பெரிய மந்திரி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். எதிரியின் உப்பைத் தின்றவன் எதிரிக்கு ஆள், அதற்கு யானைக் காலடிதான் தண்டனை என்றார். யார் அவன் என்று ராஜா கேட்டார்.

சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். நினைத்தேன், அவ்வளவுதான். எப்போதும் யோசித்து யோசித்துப் பதில் சொல்கிற மொஹொட்டாலை அன்றைக்கு உடனே சொன்னார்.

"நான்தான், தெய்வமே."

உப்பு வழியைத் திறந்தவர் என்பதால் உயிரை மட்டும் விட்டுவைத்தார்கள். பதவி போயிற்று, அரண்மனை கொடுத்திருந்த நிலம் போயிற்று. மெதகொடைக்குத் திரும்பிப் போய்த் தகப்பன் வயலை உழு என்றார்கள். அந்த மாதக் கடைசியில் முதல் உப்பு மூட்டைகள் எல்லைக்கு வந்தபோது மேளதாளத்தோடு போய் வாங்கினவர் பெரிய மந்திரி. அன்றிலிருந்து அது அவர் வாங்கின உப்பு ஆகிவிட்டது.

மெதகொடையில் அவருக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? உப்பு நக்கி. அவர் வாங்கிக் கொடுத்த உப்பைப் போட்டுச் சாப்பிட்டுவிட்டு, அந்த வாயாலேயே சொன்னார்கள். அறுவடை முடிந்து நான் பார்க்கப் போயிருந்தேன். இடுப்பில் ஒரு துண்டோடு வரப்பு வெட்டிக்கொண்டிருந்தார். நான் போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், ராலஹாமி, என்னால் தூங்க முடியவில்லை என்றேன்.

"சொல்லி? தூதன் பொய் சொன்னான்னு ஆக்கப் போறியா?" மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். "ஆள் ஒருத்தன்னுதானே எழுதியிருந்தாங்க. அங்க போன அத்தனை பேருக்கும் வாய் நான்தான்டா. உன் வாய் தின்னா நான் தின்னதுதான். நான் பொய் சொல்லல."

என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார், அவர் இருக்கும்வரை வாய் திறக்கக் கூடாது என்று. ஏழு வருடம் திறக்கவில்லை. ஏழு வருடமும் அந்தப் பெயரைக் கேட்டுக் கேட்டு என் நெஞ்சு புண்ணாயிற்று. போன கார்த்திகையில் அவர் போய்விட்டார்.

ஏழாம் நாள் தானத்துக்கு ஊரே வந்திருந்தது. பிக்குகள் சாப்பிட்டுப் போன பிறகு நாங்கள் பந்தியில் உட்கார்ந்தோம். எனக்கு எதிரில் இருந்த ஒருவன் குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, உப்பு கொஞ்சம் குறைவு, வீட்டுக்காரர் நக்கிவிட்டாரோ என்றான். நாலு பேர் சிரித்தார்கள். நான் எழுந்து நின்றேன். ராஜாவும் இன்னும் உயிரோடு இருந்தார், பெரிய மந்திரியும் இருந்தார், யானையும் கொட்டடியில் இருந்தது. எல்லாம் எனக்குத் தெரியும்.

"நக்கினது நான்," என்றேன். "அவர் அங்க இருந்த அத்தனை நாளும் ஒரு கல் தொடல. நக்கினது நான்."

யாரும் கையை வாய்க்குக் கொண்டுபோகவில்லை. ஊர்த் தலைவர் காதைத் தடவிக்கொண்டு, தனக்கு இந்த மழைக்காலத்தில் காது கேட்பதே இல்லை என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். பக்கத்தில் இருந்தவர் தனக்கும் அப்படித்தான் என்றார். ஒவ்வொருவராக இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். நான் உட்காராமல் நின்றுகொண்டிருந்தேன், எப்படி உட்காருவதென்று தெரியவில்லை.

ரன்மெனிக்கா அம்மாள் சோற்றுக் கூடையோடு வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"அவர் வந்த அன்னிக்கே எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும்னு அவருக்கும் தெரியும்," என்றாள். "ஏழு வருஷம் கட்டிக் காத்த தூது, ஏழு நாள்ல கெடுத்துப்புட்டியேடா."

சொல்லிவிட்டு என் தோளைப் பிடித்து உட்கார வைத்து, இன்னொரு அகப்பை சோறு போட்டாள்.